கொடிக்குத் தண்ணி காட்டியவள்

பிப்ரவரி 2, திங்கள்

திராட்சைப் பந்தலில் இன்றோடு கவாத்து முடிந்தது. பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஓர் இலைகூட இல்லை. கம்பி, குச்சி, அதற்கு மேல் வானம். பார்க்கிறவர்களுக்கு மொட்டைப் பந்தல். எனக்கோ கேள்வித்தாள் வாங்கிய பிள்ளை போல நெஞ்சு படபடவென்று அடிக்கிறது.

இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. ஜீப்பு சவாரி எழுதி வைக்கிறேன் என்று ஸ்டீபன் கேட்டார். நான் தரவில்லை. தினமும் காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற என் வீட்டுக்காரருக்கு எழுத என்ன இருக்கிறது? போனார், வந்தார். எனக்குத்தான் இந்தப் போகத்தில் எழுத நிறைய இருக்கும் என்று உள்ளுக்குள் ஏதோ சொல்கிறது.

முதலில் நிலவரம். பந்தலின் மேற்குப் பாதி என்னுடையது, கிழக்குப் பாதி சவரிமுத்து அண்ணனுடையது. நடுவில் பொதுக்கிணறு. ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் என் முறை. அப்பா சாகும் முன்னால் பாதிப் பந்தலை என் பேருக்கு எழுதிவைத்தார், அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை.

சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அவர் தன் நாயிடம் சொல்வார், என் காதில் விழுகிற மாதிரி. இன்றைக்கும் மோட்டார் ரூம் வாசலில் நின்று ஆரம்பித்தார்.

"ஏ ஜிம்மி, ஊருல அம்புட்டுப் பயலும் போர் போட்டுட்டான். நம்மதேன் கிணத்த எட்டிப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கோம். கையெழுத்துப் போட வேண்டியவுக போட்டா நாளைக்கே வண்டி வந்துரும்."

ஜிம்மி என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. பொதுக்கிணற்றுக்குப் பக்கத்தில் ஆழ்துளைப் போர் போட வேண்டுமென்றால் என் கையெழுத்தும் வேண்டும். நான் போட மாட்டேன். வடக்குத் தோட்டத்தில் ஆழமாகப் போர் இறக்கினார்கள், அடுத்த கோடையில் சுற்றியிருந்த கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. எங்கள் கிணறு மட்டும் எப்படியோ தாக்குப்பிடிக்கிறது. அதன் பக்கத்திலேயே நாமே துளை போட்டால் முதலில் சாவது அதுதான்.

பிப்ரவரி 5, வியாழன்

அடடா! அடடா!

திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் கூட்டம். டீயும் மிக்சரும் கிடைக்கும் என்றுதான் போனேன். பேசிய மேடம் சின்ன வயசு. அவர் சொன்னதைக் கேட்டு மிக்சரை வாயில் போட மறந்துவிட்டேன்.

கொடியின் ஒரு பக்க வேருக்கு மட்டும் தண்ணீர் விட வேண்டுமாம். மறுபக்கத்தைக் காயப்போட வேண்டுமாம். காய்கிற வேர், ஐயோ பஞ்சம் வந்துவிட்டது என்று இலைக்குச் சேதி அனுப்பும். இலை உடனே தன் துவாரங்களை இறுக்கிக்கொள்ளும், தண்ணீரை வீணாக வெளியே விடாது, கண்டபடி தழைக்காது. ஆனால் இந்தப் பக்கத்து வேர் நன்றாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்தை மாற்ற வேண்டும். வழக்கமான தண்ணீரில் ஏறக்குறைய பாதி போதும்.

நான் எழுந்து கேட்டேன், "அப்ப கொடிக்குத் தண்ணி காட்டணும்ங்கிறீங்க?"

கூட்டமே சிரித்தது. மேடத்துக்கு முதலில் புரியவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டுவதும் அதே சொல்தான், ஆளை ஏய்ப்பதும் அதே சொல்தான் என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். மேடமும் சிரித்துவிட்டு, "கரெக்ட். ரெண்டு அர்த்தமும் சரிதான். ஆனா உங்க மண்ணு, உங்க வெயில் பாத்து நீங்களே பழகணும்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்குள்ளே சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 6, வெள்ளி

அண்ணன் பெண்டாட்டி செசிலி மதினி கறிவேப்பிலை கேட்டு வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பாலம் அவர்கள்தான். அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். போர் வேண்டாம், இந்த ஒரு போகம் எனக்கு விடச் சொல்லுங்கள், பாதித் தண்ணீரில் காய்க்க வைத்துக் காட்டுகிறேன் என்றேன்.

மதினி போனார்கள், அரை மணியில் திரும்பி வந்தார்கள், அதே கறிவேப்பிலையோடு.

"ஒங்க அண்ணன் சிரிக்கிறாக. 'கோடையில பாதித் தண்ணில திராட்சையா, குச்சிதேன் மிஞ்சும்'ங்கிறாக."

எனக்கு ஏறிவிட்டது. "ஒரு வரிசை கெட்டாலும் நானே வந்து கையெழுத்துப் போடுறேன்னு சொல்லுங்க மதினி. ஒரே ஒரு வரிசை!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். காய் வெட்டுகிற வரை போர்ப் பேச்சு இல்லை என்று அண்ணன் ஒத்துக்கொண்டாராம். வெட்டுக்கு முந்தின நாள் வண்டியை வரச்சொல்லி வைப்பாராம், எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று. கொழுப்பு.

பிப்ரவரி 11, புதன்

முதுகு ஒடிந்துவிட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் இதுவரை ஒரு சொட்டுநீர்க் குழாய் இருந்தது. இப்போது தண்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி வால்வு. ஸ்டீபன் லீவு போட்டுக் கூட வேலை செய்தார். பாதி வேலை, மீதி கேலி.

"ஏன் ரெஜி, எனக்கும் இப்பிடித்தான் ஒரு பக்கம் மட்டும் சோறு போடுவியா?"

"ஒங்களுக்கு ரெண்டு பக்கமும் போட்டுத்தான் தொப்பை இந்த நெலமைக்கு வந்திருக்கு."

எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்த வால்வில் சிவப்புத் துணி கட்டுவது என்று முடிவு செய்தேன். என் பழைய சேலையைக் கிழித்தேன். கல்யாணத்துக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்த சேலை. கிழிந்ததுதான், வேறு காரணம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். மொட்டு உப்பியிருக்கிறது! கணுவுக்குக் கணு ரோஸ் நிறத்தில் ஒரு துளி. தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது, தொட்டேன்.

தவக்காலத்துக்கு எதை விடுவது என்று சாமியார் கேட்டார். நான் பாதித் தண்ணீரை விட்டுவிட்டேன் சாமி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஈரம் காயாமல் இருக்கக் கொடியடியில் கரும்புச் சோகை பரப்பினோம். வெயில் இப்போதே மே மாதம் போல இருக்கிறது. போன வருஷம் மழைக்காலத்தில் மழை இல்லை, அறுவடை நேரத்தில் கொட்டித் தீர்த்தது. காலண்டருக்கும் வானத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எங்கள் வீட்டைப் போலவே.

மார்ச் 4, புதன்

இன்றைக்கு நல்ல கூத்து. அண்ணன் நீரோட்டம் பார்க்கிற ஆளைக் கூட்டிவந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார். தண்ணீர் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்குமாம். எல்லா இடத்திலும் படுத்தே கிடந்த தேங்காய், சரியாகக் கிணற்று மேட்டில் வந்ததும் விருட்டென்று எழுந்து நின்றது.

நான் என் பக்கத்திலிருந்து சத்தமாக, ஜிம்மியிடம்தான், சொன்னேன்: "ஜிம்மி, கிணத்துல தண்ணி இருக்குன்னு கண்டுபிடிக்கத் தேங்கா எதுக்கு? எட்டிப் பாத்தாத் தெரியாதா?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. நீரோட்டக்காரர் குச்சி ஊன்றி அடையாளம் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 13, வெள்ளி

பூ! பூ! பூ!

திராட்சைப் பூ கண்ணுக்கே தெரியாது, பச்சைப் பொடி போல இருக்கும். ஆனால் வாசனை! பந்தலுக்குள் நுழைந்ததும் தலை கிறுகிறுத்தது. ஸ்டீபனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மோந்து பார்க்க வைத்தேன். "டீசல் வாசம்தான் வருது" என்றார். மூக்கைத் திருகிவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று பக்கம் மாற்றும் நாள். மண்ணைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்ப்பேன், உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர், மறுபக்கத்துக்கு ஓய்வு. எல்லா வரிசையிலும் மண் உதிர்ந்தது. அண்ணன் எல்லையை ஒட்டிய நாலு வரிசையில் மட்டும் காய வேண்டிய பக்கம் ஈரமாக இருக்கிறது.

அணில்தான். குழாயைக் கடித்துவைக்கும். தேடிப் பார்த்தேன், கடி எதுவும் அகப்படவில்லை. வால்வில் கசிவாக இருக்கும். வாஷர் மாற்றினேன்.

மார்ச் 26, வியாழன்

மறுபடியும் அதே நாலு வரிசை. மறுபடியும் வாஷர். ஈர மண்ணில் நாய்க் கால்தடம். ஜிம்மிக்குத் தண்ணீர்த் தாகம் போலிருக்கிறது.

மதினி வெல்லப் பணியாரம் கொண்டுவந்தார்கள். "தண்ணி பத்துதா ரெஜினா? எல வாடுன மாதிரி தெரியுதுன்னு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. வாடவில்லை மதினி, கொஞ்சம் அடக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். பணியாரம் நன்றாக இருந்தது. எனக்கு ஏலக்காய் தூக்கலாக இருந்தால் பிடிக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வரும்போது கிணற்றை எட்டிப் பார்த்தேன். எங்கள் கிணற்றில் ஓர் ஆமை இருக்கிறது. வருஷக்கணக்காக இருக்கிறது. உள்ளே ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கும், தண்ணீர் இறங்கினால் அது வெளியே தெரியும், ஆமை அதன்மேல் ஏறி வெயில் காயும். போன வருஷம் இந்த நேரத்தில் பாறைக்குக் கீழே இறங்கிவிட்டது தண்ணீர்; ஆமை ஏற முடியாமல் சேற்றில் கிடந்தது.

இன்றைக்குப் பாறை இன்னும் முழுசாக வெளியே வரவில்லை! முதுகு மட்டும் நனைந்து மினுங்குகிறது. என் பாதி மிச்சப்பட்டது அங்கேதான் நிற்கிறது. துக்க நாளில் குதிக்கக் கூடாது. குதிக்கவில்லை, கொஞ்சம் துள்ளினேன்.

ஏப்ரல் 11, சனி

ஜெபமாலை சொல்லிக்கொண்டே எல்லையில் நடந்தேன். அண்ணன் பந்தலில் என் பக்கத்தை ஒட்டிய கடைசி நாலு வரிசை வாடின மாதிரி இருக்கிறது. மற்ற வரிசைகளில் தண்ணீர் ஓடுகிறது, அந்த நாலுக்கு மட்டும் எப்போதாவதுதான் ஓடுகிறது. அவர் முறைத் தண்ணீர் எங்கே போகிறது? சிக்கனம் போலிருக்கிறது. நமக்கென்ன.

ஏப்ரல் 12, ஞாயிறு

வாஷர் வாங்கினேன்.

ஏப்ரல் 20, திங்கள்

நிறம் மாறுகிறது!!

காலையில் பச்சைக் கொத்துக்குள் ஒரே ஒரு பழம் ஊதா. நான் கத்தின கத்தலில் பக்கத்துத் தோட்டத்துக் கொக்கு பறந்தது. சாயங்காலம் பார்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து. பன்னீர் திராட்சைக்கு இந்தக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது, கொத்துக்குக் கொத்து ஒரு பிள்ளை முந்திக்கொண்டு பெரியவளாகி நிற்கும்.

என் பழம் கொஞ்சம் சின்னதுதான். கொத்தும் நெருக்கமில்லை, இடைவெளி விட்டிருக்கிறது. எல்லை ஓரத்து நாலு வரிசையில் மட்டும் இலை அடர்ந்து, கொத்து கல் மாதிரி இறுகி, பழம் கொழுகொழுவென்று இருக்கிறது. பார்க்க வந்த வியாபாரி அதைத்தான் மெச்சினார். எனக்கு உள்ளே குத்தியது. ஒருவேளை எல்லா வரிசைக்கும் அப்படியே தண்ணீர் விட்டிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

மே 4, திங்கள்

கத்திரி வெயில். மேலத் தெருவில் ஒருத்தர் பந்தலையே பிரித்துவிட்டார், போரும் வற்றிப்போனதாம். கம்பிகளைச் சுருட்டி லாரியில் ஏற்றுவதைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஆமை பாறையில் ஏறிவிட்டது. ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பாறைக்குக் கீழே இன்னும் தண்ணீர் தளும்புகிறது!

அண்ணனும் எட்டிப் பார்த்தார். "ஜிம்மி, போன வருசம் இந்நேரம் மோட்டாரு காத்துதேன் எறைச்சுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் குரலில் கேலி இல்லை. அதை நான் வீட்டுக்கு வரும் வரை திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே வந்தேன்.

மே 12, செவ்வாய்

மழை. இந்த நேரத்தில் மழை! அறுவடைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. காலையில் பிடித்தது விடவில்லை.

மே 13, புதன்

விடவில்லை.

மே 14, வியாழன்

மாதாவே, போதும்.

மே 16, சனி

வெயில் வந்தது, நானும் பந்தலுக்குள் போனேன்.

முதல் வரிசை: நன்றாக இருக்கிறது. இரண்டாவது: நன்றாக இருக்கிறது. இலை அடர்த்தி இல்லாததால் காற்று புகுந்து கொத்தெல்லாம் உலர்ந்துவிட்டது. பழத்தைத் தட்டினால் தோல் கெட்டியாக நிற்கிறது. ஓடினேன். வரிசை வரிசையாக ஓடினேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, சத்தமாக ஏதோ பாடினேன் போலிருக்கிறது, ஏனென்றால் ரோட்டில் போனவர் நின்று பார்த்தார்.

அப்புறம் எல்லை ஓரத்துக்கு வந்தேன். புளித்த வாடை முதலில் வந்தது. அந்த நாலு வரிசையிலும் இறுகின கொத்துக்குள் பழம் ஒன்றையொன்று நெருக்கி வெடித்திருந்தது. ஈக்கள் மொய்த்தன. அடர்ந்த இலைக்குள் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்ட கொத்து கையோடு கூழாக வந்தது.

நாலு வரிசை. நான் சொன்னது ஒரு வரிசை.

மே 17, ஞாயிறு

ஸ்டீபன் சொல்கிறார்: "ரெஜி, அந்த நாலு மட்டும் ஏன் கெட்டுச்சுன்னு ஒனக்கே தெரியும். போயி மச்சான்கிட்டக் கேளு."

எனக்கு ஒன்றும் தெரியாது. அணில். வாஷர். அதை எழுதியாகிவிட்டது.

அப்படியே தெரிந்தாலும் போய் என்னவென்று சொல்வது? நீ தண்ணி விட்டதால்தான் கெட்டது என்றா? சாக்குச் சொல்கிறாள் என்று ஊர் சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஒரு வரிசை கெட்டாலும் கையெழுத்து என்று சொன்னது என் வாய்தான். அழுதால் முகம் வீங்கும், வீங்கின முகத்தோடு கையெழுத்துப் போட மாட்டேன். ஆகவே அழவில்லை.

மே 24, ஞாயிறு

நாளை மறுநாள் வெட்டு. கெட்ட நாலு வரிசையையும் கழித்துப் புதைத்துவிட்டோம். மீதி அத்தனையும் கறுத்துப் பளபளக்கிறது. ஒரு பழத்தை வாயில் போட்டேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு இனிப்பை எங்கள் பந்தலில் நான் தின்றதில்லை. சின்னப் பழம்தான், ஆனால் சண்டைக்காரப் பழம். ஸ்டீபன் கொத்தோடு எடுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாராம், என் பெண்டாட்டி கொடிக்குத் தண்ணி காட்டி விளைவித்தது என்று. பெருமையில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

நாளைக்குப் போர் வண்டி வருகிறது. பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துவைத்தேன்.

மே 25, திங்கள்

இதை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் போர் வண்டி வந்தது. யானை மாதிரி ஒரு லாரி, பின்னால் இன்னொன்று. கிணற்று மேட்டில் அண்ணன் நின்றார், மதினி நின்றார்கள், நானும் ஸ்டீபனும் போனோம். டிரைவர் இறங்கி, "பாயிண்டு எங்கய்யா?" என்றார். தேங்காய்க்காரர் ஊன்றிய குச்சி அங்கேயே இருந்தது. மதினி தாளை நீட்டினார்கள், முகத்தைப் பார்க்காமல்.

நான் பேனாவை எடுத்துவிட்டேன். "நாலு வரிசை கெட்டுப்போச்சு மதினி. சொன்ன சொல்லு சொன்னதுதான். எங்க போடணும்?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். "ஏ ஜிம்மி..." என்று ஆரம்பித்தார்.

ஜிம்மி அங்கே இல்லை. லாரி இன்ஜின் சத்தத்துக்குப் பயந்து அது வீட்டைப் பார்க்க ஓடிவிட்டிருந்தது. அண்ணன் காலடியில் பார்த்தார், மோட்டார் ரூம் பக்கம் பார்த்தார், சுற்றிப் பார்த்தார். எங்கும் நாய் இல்லை. வாயைத் திறந்த மனுஷனுக்கு அதை மூடவும் முடியவில்லை, யாரிடம் பேசுவது என்றும் தெரியவில்லை. நான் தாளில் பேனாவை வைத்தேன்.

"ரெஜினா. போடாத."

மூன்று வருஷத்துக்கு அப்புறம் என் பேரை அந்தக் குரலில் கேட்டேன். பேனா அப்படியே நின்றது.

"அந்த நாலு வரிசை நீ கெடுத்ததில்ல. நாந்தேன். என் மொறை அன்னிக்கி, என் தண்ணிய எடுத்து, நீ காயப்போட்ட பக்கத்துக்கு விட்டேன். எல சுருங்கிக் கெடந்தத பாக்க மாட்டல. பிடிவாதத்துல பந்தல அழிச்சுக்கிருவியோன்னு... என் எல்லைல நின்னு ஓஸு எட்டுற வரைக்கும் விட்டேன். நாலு வரிசைதேன் எட்டுச்சு."

டிரைவர் பீடியைப் பற்றவைத்துவிட்டு எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார்.

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குப் போர் கிடைத்திருக்கும். கையெழுத்து அரை அங்குலத்தில் இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் பேனாவை மூடினேன். எனக்கு அழுகை வந்தால் கூடவே வாயும் வந்துவிடும்.

"ஒங்க தண்ணிய எனக்கு விட்டீகளே, அப்ப ஒங்க கொடி என்னத்தக் குடிச்சுச்சு?" என்றேன். "வாங்க இங்கிட்டு."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை அவர் பந்தலுக்கே கூட்டிப்போனேன். எல்லை ஓரம், அவருடைய கடைசி நாலு வரிசை. ஏப்ரலில் வாடிக் கிடந்ததே, அதே வரிசைகள். அந்த வரிசைகள் தப்பினதையே அவர் சரியாகப் பார்க்கவில்லை, மழைக்கு அப்புறம் நடுப் பந்தலில் வெடித்த பழத்தைக் கழிக்கவே நேரம் சரியாக இருந்தது அவருக்கு. கொத்துகள் இடைவெளி விட்டுத் தொங்கின. சின்னப் பழம், கெட்டித் தோல், ஒரு வெடிப்பு இல்லை. என் பந்தலில் இருந்து பிடுங்கிக் கொண்டுபோய் மாட்டிவைத்த மாதிரி இருந்தது.

அண்ணன் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று போட்டார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

"நீ கொடிக்குத்தேன் தண்ணி காட்டுன தாயி," என்றார். "நான் எனக்கே காட்டிக்கிட்டேன்."

சிரிக்க ஆரம்பித்தார். நானும். மதினி ஓடிவந்து என்ன என்ன என்று கேட்க, எங்களால் சொல்ல முடியவில்லை. ஸ்டீபனுக்கு யார் அழுகிறார்கள் யார் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லையாம்.

அண்ணன் வெளியே வந்து நீரோட்டக்காரர் குச்சியைப் பிடுங்கினார். டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். அவர் முணுமுணுத்தார். மதினி அவருக்கு ஒரு கூடைத் திராட்சை கொடுத்தார்கள், முணுமுணுப்பு நின்றது.

அணில் என்று நான் எழுதியதை அடிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 26, செவ்வாய்

வெட்டு! சத்தம், கூடை, லாரி, சிரிப்பு, கத்தி, பசை ஒட்டின கை. எழுத நேரமில்லை.

ஜூன் 22, திங்கள்

அடுத்த போகத்துக்குக் கவாத்து. இந்தத் தடவை இரண்டு பந்தலுக்கும் சேர்த்து. அண்ணன் பக்கமும் இரட்டைக் குழாய் போட்டாகிவிட்டது. அவர் வால்வுகளுக்குத் துணி வேண்டும் என்று என் சேலையில் மிச்சமிருந்ததைக் கேட்டு மதினியை அனுப்பாமல் அவரே வந்தார். சேலையைப் பார்த்ததும் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக் கிழித்தோம்.

ஆமை தண்ணீருக்குள் போய்விட்டது, பாறையைக் காணவில்லை.

மோட்டாரைப் போட்டுவிட்டு அண்ணன் வால்வு பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். காலடியில் ஜிம்மி படுத்திருந்தது.

"எந்தப் பக்கம் இன்னைக்கு?" என்று கேட்டார்.

ஜிம்மி வழக்கம்போலத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. கேள்வி தனக்கில்லை என்று தெரிந்ததும் மறுபடியும் படுத்துத் தூங்கிவிட்டது.